பின்னால் இருந்தவரின் மூக்கு

எங்கள் தல்லேகே ஊரில் இரண்டு வருஷம் யாரும் வாய்விட்டுத் தும்மவில்லை என்று சொன்னால் தோங்யோங் சந்தைக்காரிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் தெருவில் ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்க உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் ஒருத்தி உட்கார்ந்தாள். நீலக் கூரை வீட்டு மல்சுன் மகள் சோரா.

நான் ஒக்பூன். மல்சுனுக்கு அடுத்த வீடு. சிப்பி உடைக்கிற கொட்டகையிலும் அவளுக்கு அடுத்த இடம். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் நான் சொல்வதில் பொய் இருக்காது. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அது என் வாய்.

மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் நவம்பரில் நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கிற பெரிய பரீட்சையில் விரல்விட்டு எண்ணுகிற கேள்விகளுக்கு மேல் தப்பக் கூடாது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய எழுந்திருக்கலாம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சியோலுக்குப் போய் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். சோரா வீட்டிலேயே படித்தாள். சியோலில் அச்சாகிற மாதிரிப் பரீட்சைத் தாள்கள் மட்டும் அவளுக்குப் பார்சலில் வரும். ஒவ்வொரு தாளையும் நிஜம் போலவே எழுதுவாள். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொள்வாள். தாளைப் பிரிக்கிற நேரம், மூடுகிற நேரம், மூத்திரம் பெய்யப் போகிற நேரம்கூட பரீட்சைக்காரன் சொன்ன நேரம்தான். மதியம் வந்தால் சொந்த அடுக்களையில் இருந்துகொண்டே டப்பாவில் ஆறிப்போன சோற்றைத் தின்பாள். அடுப்பில் சூப்பு கொதித்துக்கொண்டிருக்கும், தொடமாட்டாள். பரீட்சை மண்டபத்தில் சூடாக யார் ஊற்றப் போகிறார் என்பாள்.

அப்படி எழுதிய தாள்களில் எல்லாப் பாடமும் முதல் தரம். முதல் தரத்துக்கு மேல் தரம் கிடையாது. மல்சுன் கொட்டகைக்கு வந்து கையுறை மாட்டுகிறபோதே மார்க்கைச் சொல்லிவிடுவாள். எங்களுக்கும் அது பழகிப்போயிற்று. நல்ல கொழுத்த சிப்பி ஒன்று கத்திக்கு வாய் திறந்தால், "ஏட்டி, இது முதல் தரம்," என்போம்.

இதற்கெல்லாம் காரணம் தான் காத்த அமைதி என்று மல்சுனுக்கு ஒரு கர்வம். கர்வப்படலாம், தப்பில்லை. எங்களோடு சிப்பி உடைக்கிற யாங்ஜாவின் நாயை மலைக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பினாள். ஊர்த்தலைவர் பியோ விடிந்ததும் ஒலிபெருக்கியில் காற்று எப்படி, அலை எப்படி, யார் வீட்டில் விசேஷம் என்று கரகரப்பார். அதையும் நிறுத்த வைத்தாள். மனுஷன் பாவம், மழைச் செய்தியை வீடு வீடாக நடந்துபோய்ச் சொன்னார். நாங்கள் கொட்டகை விட்டு வரும்போது தெருமுக்குத் திரும்பினதும் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டைத் தாண்டுவோம். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு டாக்டர் என்றால் சும்மாவா.

எல்லாரையும் அடக்கினவளுக்கு அடங்காதது ஒன்று இருந்தது. புருஷன் மூக்கு.

கிபோங் தெப்பத்தில் வேலை பார்க்கிறவன். நடுக்கடலில் கயிற்றில் தொங்குகிற சிப்பிக் கொத்துகளை இழுத்தேற்றி கொட்டகைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற வேலை. பனியும் ஓட்டுத் தூசியும் சேர்ந்து இளவட்டத்திலேயே அவனுக்கு மூக்கு போயிற்று. எப்போது பார்த்தாலும் உறிஞ்சிக்கொண்டே இருப்பான். இரண்டு சின்னதாக, பிறகு நீளமாக ஒன்று. டவுன் டாக்டர் மருந்து கொடுத்தார், ஊசி போட்டார், கடைசியில் இது உன் உடம்புவாகு என்று கைகழுவிவிட்டார். சோரா முதல் தடவை பரீட்சையில் கோட்டை விட்ட மறுநாளே மல்சுன் அவனிடம் சொன்னாள்: "ஒண்ணு மூக்க அடச்சுக்கிடும். இல்ல, தெப்பத்துக் குடிசைல போய்ப் படுத்துக்கிடும்." அவன் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ராச்சோற்றுக்கு மட்டும் வருவான். துண்டால் மூக்கைப் பொத்தியபடியே தின்றுவிட்டுப் போவான். கேட்டால், "கடல்ல நல்ல காத்து," என்பான். ஜனவரி மாதக் கடல்காற்றை நல்ல காற்று என்றவன் இவன் ஒருத்தன்தான்.

இத்தனை செய்தும் இரண்டாம் தடவையும் விழுந்தாள். முதல் பாடத்திலேயே விழுந்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் விடாமல் மூக்கை உறிஞ்சினானாம். மல்சுன் அந்தக் குளிர்காலம் முழுக்க முகம் தெரியாத அந்தப் பையனைக் கரித்துக் கொட்டினாள். சிப்பி ஓட்டில் கத்தியை ஏற்றுகிறபோதெல்லாம் அவன் மூக்கில் ஏற்றுகிற மாதிரி ஏற்றுவாள்.

மூன்றாம் தடவைதான் கடைசி என்று பிள்ளையே சொல்லிவிட்டாள். இந்த முறையும் இல்லையென்றால் கோசோங் போய் ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்துகொள்கிறேன், உங்களை இனி மூச்சடக்க வைக்கமாட்டேன் என்றாள். ஜூன் மாதம் அரசாங்கமே நடத்துகிற மாதிரிப் பரீட்சைக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வீட்டில் முதல் தரம் வாங்குகிறவள் அங்கே நாலாம் தரம் வாங்கிக்கொண்டு வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி வருகிறவள் முகத்தைப் பார்த்தே நாங்கள் குனிந்துகொண்டோம்.

மறுநாள் நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். கோடையில் சிப்பி கிடையாது. துளை போட்ட ஓடுகளைக் கம்பியில் கோக்கிற வேலை. குஞ்சுச் சிப்பி அதில்தான் வந்து ஒட்டும். தார்ப்பாய் நிழலில் வட்டமாக உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள்.

"பெரியம்மா, நீங்க எல்லாரும் எங்கூட பரீட்ச எழுத வரணும்," என்றாள்.

யாங்ஜா கோத்த ஓட்டை மடியில் போட்டாள். "எம்மா, எம்பேரு எழுதவே எனக்கு வேர்த்துப் போவும். பாங்கில கையெழுத்துக் கேட்டாலே மாறிமாறிப் போடுதேன்."

"எழுத வேண்டாம் சித்தி. உக்காந்தா போதும். இருமணும். நாற்காலிய இழுக்கணும். பேனாவ கீழ போடணும். காலாட்டணும். மூக்க உறிஞ்சணும்."

"இதுக்கு எதுக்குட்டி பரீட்ச. இத நா தினமும் செய்தேன்," என்றாள் பில்ரே. எங்களில் மூத்தவள், இருமலும் அவளுக்குத்தான் ஜாஸ்தி. நாங்கள் சிரித்தோம். மல்சுன் சிரிக்கவில்லை.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் மகளிடம்.

"வீட்ல எழுதுத மாதிரிப் பரீட்சைல எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லம்மா. அது மாதிரியே இல்ல. அங்க இருவது இருவத்தஞ்சு பேரு மூச்சு விடுதாங்க. தாள் திருப்புதாங்க. எனக்கு அதெல்லாம் புதுசா இருக்கு. தாள்ல உள்ளத பாக்கணும்னா மத்ததுக்கெல்லாம் பழகியிருக்கணும்."

"ஊர் வாய பொத்தி, நாய வெரட்டி, வீட்ட புத்தர் கோயிலு மாதிரி வச்சிருக்கேன்."

"அதாம்மா. பரீட்ச எழுதுத எடம் கோயில் இல்ல."

"அப்ப தப்பு எங்கிட்ட."

"தப்புன்னு சொல்லல. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க. அதான்."

மல்சுன் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடும் பேசவில்லை. நான் என்ன செய்தேன். பக்கத்தில் இருந்தது ஒரு குற்றம்.

அடுத்த வாரம் முள்ளங்கிக் கிம்ச்சி போட்டேன். ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கொடுக்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டேன், பார்க்கத்தான் போனேன். மூவரும் தாழ்மேசையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிபோங் துண்டும் மூக்குமாக. நான் கிம்ச்சியை நடுவில் வைத்துவிட்டு, போகச் சொல்லாததால் உட்கார்ந்தேன்.

சோரா சோற்றுக் குச்சியைக் கீழே வைத்தாள். "அம்மா, பெரியம்மா இருக்கும்போதே கேக்கேன். அப்பா எனக்குப் பின்னால உக்காரணும்."

"யாரு, இவரா?" என்றாள் மல்சுன். "ஒன் வாழ்க்கைய கெடுத்ததே அப்படி ஒரு மூக்குதான். அத வீட்டுக்குள்ளயே கூட்டி வச்சுக்கிடுதியா. ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி பெசகிட்டா?"

"அந்தப் பையன் என்னைய கெடுக்கல."

"பின்ன?"

பிள்ளை அப்பன் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "அவன் உறிஞ்சினது தொந்தரவா இல்ல பெரியம்மா. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. ரெண்டு சின்னது, ஒரு நீளம், அப்பா மாதிரியே. அப்பந்தான் நெனச்சேன். அன்னைக்கு என்ன பனின்னு ஒங்களுக்குத் தெரியும்லா. அப்பா தெப்பத்துல கெடக்காரு, எனக்காகக் கெடக்காரு, இந்தக் கேள்விய நா தப்பா போட்டுட்டா அவரு அங்க கெடந்ததெல்லாம் எதுக்கு. அதுக்கப்புறம் ஒரு வரி ஓடல. ஒரே வரிய வாசிச்சுக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டான்."

மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன். மல்சுன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிபோங் துண்டை மூக்கிலிருந்து எடுத்தான். எடுத்து மடித்து மடியில் வைத்தான்.

"என்னைக்கு வரணும், எப்ப வரணும்னு சொல்லு," என்றான் மகளிடம். அவன் அவ்வளவுதான் பேசுவான்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டு மதில்மேல் தெப்பத்து மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கிண்ணம் திரும்பி வந்திருக்காது.

பரீட்சை மண்டபத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போய், வெகுகாலமாகக் கயிறும் மிதவையும் போட்டு வைக்கிற இடமாகிவிட்டது. ஒரு வகுப்பறையைக் காலி பண்ணிக் கழுவினோம். நாற்காலிகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் உட்காருகிறவை. யாங்ஜா உட்கார்ந்து எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. மேற்பார்வைக்குத் தலைவர் பியோ. மனுஷன் தேர்தலுக்குப் போட்ட கோட்டையே போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் போன்களை வாங்கிப் பையில் போட்டார். பில்ரே கையிலிருந்த கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கணக்கு கிணக்கு போட முடியுமா?" என்றார்.

"இதுல மணியே சரியா பாக்க முடியாது. போய் ஒம்ம வேலைய பாரும்," என்றாள் பில்ரே.

முதல் பரீட்சை எங்களால் நாசமாயிற்று. சத்தம் போடவா சொல்லித் தரவேண்டும், கொட்டகையில் இயந்திரம் ஓடுகிறபோதே எங்கள் பேச்சு கடலுக்குக் கேட்கும். ஆனால் பிள்ளை முன்வரிசையில் குனிந்து எழுதத் தொடங்கினதும் எங்களுக்குச் சத்தம் வரவில்லை. ஒருத்தியும் மூச்சு விடவில்லை. பில்ரே இருமலை அடக்கி அடக்கி முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சோரா திரும்பினாள்.

"யாராவது ஏதாவது செய்ங்களேன்."

"பிள்ள எழுதும்போது எப்படிம்மா இருமுதது. பாவம்லா," என்றாள் பில்ரே.

கடைசியில் தலைவர்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். யாங்ஜா காலாட்ட வேண்டும். பில்ரே இரும வேண்டும். எனக்குத் தாளைப் படபடவென்று திருப்புகிற வேலை. இன்னொருத்தி பேனாவைத் திறந்து திறந்து மூட வேண்டும். கிபோங் பிள்ளைக்கு நேர் பின்னால். தலைவர் கையைக் காட்டினதும் எல்லாரும் ஆரம்பித்தோம். கிபோங்கிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மனுஷன் இப்படியும் அப்படியும் முகத்தைச் சுளித்துப் பார்க்கிறான், மூக்கு காய்ந்து கிடக்கிறது. இரண்டு வருஷமாகப் பிள்ளை பக்கத்தில் இருந்தாலே அடக்கி அடக்கி, அந்த மூக்குக்கு அவள் முன்னால் உறிஞ்சக் கூடாது என்று பழகிப்போயிற்று.

"வரமாட்டேங்குது," என்றான். அவன் குரலில் இருந்த வெட்கத்தை என்ன சொல்ல.

யாங்ஜா மதியச் சோற்று டப்பாவைத் திறந்து மிளகாய்ப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து அவன் மூக்குக்குக் கீழே தடவினாள். வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். அந்த அறையே கேட்டது. சோராவின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். பேனா நின்றது. பிறகு ஓடவே இல்லை. நேரம் முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தாளில் கண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தது.

வாசலில் யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. மல்சுன். வரமாட்டேன் என்று சொன்னவள் காலையிலிருந்து வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாத்தியா? நா சொன்னேன்லா," என்றாள் உள்ளே வந்து.

"அடுத்த வாரம் திரும்ப எழுதுதேன்," என்றாள் சோரா. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் உள்ள வந்து உக்காருங்கம்மா. வெளிய நின்னா ஒங்க சத்தம் எனக்குப் பழகாது," என்றாள்.

அடுத்த வாரம் மல்சுன் வந்தாள். வந்தவள் சும்மா உட்காருகிற ரகமா. செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள். நாற்காலியை இழுக்கிற சத்தம் இருக்கிறதே, பல் கூசும். அதை எப்போது இழுத்தால் பிள்ளைக்கு அதிகமாக இடைஞ்சல் என்று பார்த்துப் பார்த்து இழுத்தாள். மகளுக்குக் கணக்குப் பாடத்தில் கடைசிக் கேள்விதான் கஷ்டம் என்று தெரிந்ததும், சரியாக அந்தப் பக்கத்துக்கு வருகிறபோது இழுப்பாள். தலைவரே காதைப் பொத்திக்கொண்டார்.

அப்படி வாரா வாரம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நாங்களும் ஆளுக்கொரு தாள் வாங்கி வட்டத்தைக் கறுப்பாக்கினோம். நான் ஒவ்வொரு கேள்வியையும் கண்ணைச் சுருக்கி வாசித்து யோசித்துப் போட்டேன். யாங்ஜா வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் மூன்றாம் வட்டத்தையே கறுப்பாக்கினாள். என்னைவிட அவளுக்கு மார்க் ஜாஸ்தி. ஒரு மாதம் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் மூன்று விரலைக் காட்டினாள். சவத்தை விடுங்கள்.

பிள்ளைக்கு உடனே சரியாகவில்லை. அப்பன் உறிஞ்சினால் பேனா நிற்கும். நிற்கும், பிறகு ஓடும். நிற்கிற நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஒரு வாரம் தலையைத் தூக்கினாள், தூக்கினவள் அப்படியே திரும்பக் குனிந்தாள். இன்னொரு வாரம் தூக்கவே இல்லை. கிபோங்குக்கும் மிளகாய்ப் பொடி தேவைப்படவில்லை. ஒரு மதியம் எல்லாரும் ஆறின சோற்றைத் தின்றுகொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "மதினி, எம்பிள்ள எழுதுதத நா இப்பந்தான் பாக்கேன்."

"எப்படி எழுதுதா?" என்றேன்.

"வேகமா எழுதுதா," என்றான். அவ்வளவு சந்தோஷமாக அந்த மனுஷனை நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் சிப்பி தொடங்கிற்று. விடியுமுன்னே கொட்டகையில் நிற்க வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே கத்தி பிடிக்க வேண்டும். ஓய்வுநாள் வந்தால் கட்டையை நீட்டத்தான் யாருக்கும் தோன்றும். ஒருத்தியும் வராமல் இருந்ததில்லை. களைப்பில் பில்ரே தூங்கிக் குறட்டை விட்டாள். சோரா அதுவும் நல்லது, எழுப்பாதீங்க என்றாள். பெரிய பரீட்சைக்கு முந்தின கடைசி மாதிரிப் பரீட்சையில் இருமல், குறட்டை, நாற்காலி, மூக்கு எல்லாம் சேர்ந்து கொட்டகை தோற்றது. பிள்ளை ஒருமுறைகூடத் தலை தூக்கவில்லை. தலைவர் விடைத்தாளைத் திருத்தினார். திருத்தி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் முதல் தரம்.

கைதட்டினோம். மல்சுன் மட்டும், "இது மாதிரிதான். நெசம் இனிமேதான்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

பெரிய பரீட்சையன்று அவளோடு நானும் டவுனுக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் பொழுது சாய நின்றோம். மல்சுன் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலதுகள் அழுதன. சோரா அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"எப்படிட்டி?" என்றாள் மல்சுன்.

"பசிக்கும்மா," என்றாள்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. டிசம்பரில் மார்க் வந்தது. பிறகு ஜின்ஜுவிலிருந்து மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி வந்தது. தலைவர் பியோ ஒலிபெருக்கியைத் தூசி தட்டி அன்றைக்குக் காலையில் மட்டும் மூன்று தடவை சொன்னார். அலை எப்படி, காற்று எப்படி என்பதையே மறந்துவிட்டார். படகுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். மல்சுன் எங்களுக்கெல்லாம் அரிசிப் பணியாரம் செய்து கொட்டகைக்கே கொண்டுவந்தாள். சோராவும் வந்தாள். கல்லூரி திறக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று கையுறை மாட்டி அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று சிப்பி உடைத்தாள். மெதுவாகத்தான் உடைத்தாள். அதற்கு மாதிரி எழுதவில்லை பாருங்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்குள் வழக்கு வந்தது. யார் சத்தத்தால் பிள்ளை பாஸானாள் என்று.

"எம்மா சோரா, உள்ளத சொல்லு," என்றாள் பில்ரே. "எம்பிடு இருமினேன். நெஞ்சு இன்னும் வலிக்கு. அங்க யாராவது இருமினானா இல்லியா?"

"இருமலுக்கு யாரு பயப்படுதா? காலாட்டுததுதான் பெருசு. மேச ஆடும்லா," என்றாள் யாங்ஜா.

"தாள் திருப்புதது?" என்றேன் நான். எனக்கும் ஆசை இருக்காதா.

சோரா கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சொன்னா வருத்தப்படக் கூடாது," என்றாள்.

"சொல்லு."

"ஒரு சத்தமும் இல்ல பெரியம்மா."

கொட்டகை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். திரும்பச் சொன்னாள்.

"அந்த ரூம்ல வந்தது எல்லாம் நல்ல பிள்ளைங்க. ஒருத்தரும் இருமல. காலாட்டல. பின்னால இருந்தவ மூச்சு விடுததே கேக்கல. மொத பாடத்துல மொத பத்திய திரும்பத் திரும்ப வாசிக்கேன், மண்டைல ஏறவே இல்ல. பயந்துட்டேன். நீங்க யாருமே வராத மாதிரி இருந்திச்சு."

பில்ரே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை ஓய்வுநாள், இத்தனை இருமல், எல்லாம் சேர்ந்து பிள்ளையை அங்கேயும் கொண்டுபோய்க் கவிழ்க்கப் பார்த்திருக்கிறதே.

"அப்ப என்னட்டி செஞ்ச?" என்றேன்.

"நானே உறிஞ்சினேன்."

"என்னத்த?"

"மூக்க. ரெண்டு சின்னது, ஒரு நீளம். ஒடனே எல்லாரும் வந்து உக்காந்த மாதிரி ஆயிட்டு. வரி ஓடிச்சு. நின்னுச்சுன்னா திரும்ப உறிஞ்சுவேன். சாயந்தரம் வரைக்கும் அப்படியேதான் எழுதினேன்."

யாங்ஜாதான் கேட்டாள். "ஒனக்கு முன்னால இருந்த பிள்ள?"

"ஒருக்கா திரும்பிப் பாத்தா. நா குனிஞ்சுக்கிட்டேன்," என்றாள் சோரா. அவள் முகம் சிவந்தது. "அவளுக்கு எப்படிப் போச்சோ தெரியல, சித்தி. அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு."

முகம் தெரியாத பையன் ஒருத்தனை ஒரு குளிர்காலம் முழுக்கத் திட்டினவர்கள் நாங்கள். இப்போது எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு தாய்க்காரி எங்கள் சோராவைத் திட்டிக்கொண்டிருப்பாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிபோங் அந்தச் சமயம் பார்த்துச் சிப்பி மூட்டையோடு உள்ளே வந்தான். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். எதையாவது கொட்டிவிட்டோமோ என்று காலடியைப் பார்த்தான்.

மல்சுன் மகள் பக்கம் திரும்பவில்லை. உடைத்த சிப்பியைக் கூடையில் போட்டாள், அடுத்ததை எடுத்தாள். எதிர்வரிசைக்காரிகளுக்கும் கேட்கட்டும் என்று இயந்திரத்துக்கு மேல் குரலைத் தூக்கினாள்.

"அது அவ அப்பன் மூக்கு," என்றாள். "எம்பொறந்த வீட்டுல ஒருத்தருக்கும் அப்படி ஒரு மூக்கு கெடையாது."